கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா

2009-ஆம் வருடம் ஐப்பசி மாதம், கடலூர் முதுநகரில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. விலங்கியலில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். அதுவும் நான் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது சொல்லிக்கொடுத்தது. அம்மாவுக்கு அதுவும் வராது. ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, கரண்ட் ஆபீஸுக்கு மனு எழுதுவது, பஸ்ஸின் போர்டு படிப்பது எல்லாம் என் வேலை. தெருவில் யார் வீட்டுக்குத் தபாலில் தாள் வந்தாலும் கடைசியில் என் கைக்கு வந்துவிடும். இதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை. நான் தெருவில் நடந்தால், "டீச்சர் போவுது பாரு" என்று யாராவது சொல்வது காதில் விழும். அதற்காகவே சுற்றுவழியில் பள்ளிக்குப் போன நாட்கள் உண்டு.

அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தார். ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து, உடைக்கும் மெஷினில் தள்ளுகிற வேலை. படகுகளுக்குப் போகிற ஐஸ் அது. வருடம் பூராவும் காலுக்கடியில் தண்ணீர், கையில் குளிர். அப்படிப்பட்ட மனிதருக்கு அந்த வருடம் ஆடியிலிருந்து வேர்க்க ஆரம்பித்தது.

அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வருவார். அப்பாவை மச்சான் என்பார், எனக்கு மாமா. அவர்தான் இதை முதலில் சொல்லிச் சிரித்தார்.

"ஐஸ்ல நின்னுகினு வேர்க்கிற ஆளு இந்த ஆர்பர்லயே நீ ஒருத்தன்தான் மச்சான். ஒன்ன மெஷினுக்குள்ள போட்டாகூட ஐஸ் கரைஞ்சிடும்."

அப்பாவும் சிரித்தார். ஆனால் தினமும் காலையில் அம்மா அப்பாவின் பாயை எடுத்து வேலியில் காயப்போடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தலையணை உறையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்றாள் அம்மா. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டிருந்தது. வயதாகிறது, உழைப்பு ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் எதையும் நேராகச் சொல்ல மாட்டார். படகு வந்த கதை, கொக்கி வளைந்த கதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்றும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு வந்து, "தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குது பாப்பா. கொஞ்ச நாளா இருக்குது" என்றார்.

நான் தலையைத் தூக்கவில்லை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது நீட்டி முழக்கிப் பேசினால் என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அன்றும் ஆடியது. "கால்ல புண்ணு இருக்கும்பா. புண்ணு இருந்தா நெறி கட்டும். பூட்ஸ் போட்டுக்குங்கன்னா கேக்கறீங்களா" என்றேன். காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை. அப்பா எழுந்து போய்விட்டார்.

ஐப்பசி பிறந்ததும் இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் வலி என்றார். அதற்கு அடுத்ததை என்னிடம் சொல்லவில்லை. அம்மா வழியாகத்தான் வந்தது. "ஒங்கப்பாவுக்கு ஒண்ணுக்கு சரியா வர்லியாம். ஒங்கிட்ட சொல்லக் கூச்சப்படுது."

எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். கல்லூரியில் சிறுநீரகத்தின் படத்தை வரைந்து முழு மார்க் வாங்கியவள் நான். ஒரு பழைய நோட்டை எடுத்து இரண்டு சிறுநீரகம், கீழே இறங்கும் இரண்டு குழாய், பை எல்லாம் வரைந்து, குழாயில் ஒரு புள்ளி வைத்து, "இதுதான் கல்லு. இது அடைச்சிக்கிச்சு" என்று காட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எப்படி அடைக்கும் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் கல் இல்லாத வீடு இல்லை. அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து காலையில் ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாறு.

வலி குறையவில்லை. கடலூரில் ஒரு டாக்டரிடம் போவதென்று முடிவானது. அதற்கு முந்தைய நாள் நான் செய்த காரியம்தான் இந்தக் கதைக்கே காரணம்.

டாக்டர் முன்னால் அப்பா படகுக் கதையெல்லாம் சொல்லி மானத்தை வாங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதனால் ஒரு முழு வெள்ளைத்தாளில், ஆங்கிலத்தில், எண் போட்டு, அப்பாவின் உடல்நிலையை எழுதினேன். வயது, வேலை, வலி எந்த இடத்தில், எத்தனை நாளாக, சிறுநீர் எவ்வளவு. அடித்தல் திருத்தல் இல்லாமல் இரண்டாவது முறை நகலெடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் பைலில் அதை முதல் தாளாக வைத்தேன். வேர்வை, இளைப்பு, நெறி மூன்றும் அதில் இல்லை. மறந்துவிடவில்லை. எழுதலாமா என்று நினைத்து, சம்பந்தமில்லாததை எழுதினால் டாக்டர் என்ன நினைப்பார் என்று விட்டேன். என் மாணவர்களிடம் நான் தினமும் சொல்கிற விதி ஒன்று உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, தெரிந்ததை எல்லாம் கொட்டாதே.

டாக்டர் அந்தத் தாளைப் படித்தார். "நீங்க எழுதினதாம்மா? ரொம்பத் தெளிவா இருக்கே" என்றார். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அவர் அப்பாவிடம் இரண்டு கேள்வி கேட்டார். அப்பா பதில் சொல்லிவிட்டு, "அப்புறம் டாக்டர், இந்த வேர்வ..." என்று ஆரம்பித்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பா வாயை மூடிக்கொண்டார். வகுப்பில் அதட்டு வாங்கிய பிள்ளை போலக் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். தொடை இடுக்கில்தான் அது இருந்தது என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. கல் எதுவும் தெரியவில்லை. ஆண்களுக்கு வயதானால் வீங்குகிற சுரப்பி அப்பாவுக்கும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, ரத்தப் பரிசோதனை ஒன்றும் எழுதி, "குறையலேன்னா ஒரு வாரம் காத்திருக்க வேணாம், சிதம்பரத்துக்குப் போயிடுங்க" என்று கடிதமும் கொடுத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் கொடுத்த தாளுக்கு அவர் வைத்தியம் பார்த்தார்.

பள்ளியில் பரீட்சை நேரம். ரத்தப் பரிசோதனையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினேன். சின்னக் கல் ஸ்கேனில் தெரியாமல் போவது உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே சாற்றை இரண்டு சொம்பாக்கினேன். அப்பா இரண்டையும் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் முகம் வேறு யாருடைய முகம் போலவோ இருந்தது. கண்ணுக்குக் கீழே உப்பி, கால் வீங்கி, குடித்த காபி அப்படியே வெளியே வந்தது. முந்தைய நாள் முழுக்கச் சேர்த்து அரை டம்ளர் சிறுநீர்கூடப் போகவில்லை என்றாள் அம்மா. பைலைத் தூக்கிக்கொண்டு நானும் அப்பாவும் மாமாவும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் என்னால் உட்கார முடியாது. அப்பா சீட்டில் இப்படியும் அப்படியும் நெளிந்துகொண்டே இருந்தார். முன்கம்பியைப் பிடிப்பார், விடுவார். ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றதும், "ஒரு நிமிஷம்" என்று இறங்கி ஓடினார். திரும்பி வந்து, "வர்ல" என்றார். புதுச்சத்திரத்தில் மறுபடியும் இறங்கினார். பஸ் காத்திருந்தது. கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னா பெரிசு, சொத்து எழுதி வச்சிட்டு வரியா?"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மாமா எழுந்து, "ஒடம்பு சரியில்லாத ஆளுய்யா. சிரிக்காம ஓட்டு" என்றார். கண்டக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பி.முட்லூரில் அவரே, "பெரியவரே, எறங்கணுமா?" என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அந்த மறுப்புக்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நான் அதுவரை எதற்கு வெட்கப்பட்டேன் தெரியுமா? என் பள்ளியில் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா பின் சீட்டில் இருந்தாள். அவள் பார்க்கிறாளே என்று வெட்கப்பட்டேன்.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். படுக்கை கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டாக்டர் வந்தார். பட்டமேற்படிப்புப் படித்துக்கொண்டிருக்கிறவர், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவராக இருப்பார். நான் பைலைத் திறந்து என் தாளை நீட்டினேன். படித்தார்.

"யார் எழுதுனது?"

"நான்தான் மேடம்."

"நல்லா இருக்கு. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நான் அவர்கிட்ட பேசணும்."

"அவருக்குச் சரியா சொல்லத் தெரியாது மேடம். நான் இருந்தா..."

"தெரிஞ்சவரைக்கும் சொல்லட்டும். வெளிய இருங்க."

எனக்குச் சுருக்கென்றது. இதுவரை எந்த ஆபீஸிலும் என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. அப்பாவைத்தான் வெளியே நிற்கச் சொல்வார்கள். வராண்டாவில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை நடந்தேன். திரும்ப நடந்தேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்து, "குந்து பாப்பா, தல சுத்துது" என்றார். உட்கார்ந்தேன். கால் ஆடியது. எழுந்து மறுபடி நடந்தேன். உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. தெளிவாகக் கேட்கவில்லை, ஆனால் நிற்காமல் கேட்டது. ஐஸ், கொக்கி, படகு என்று துண்டு துண்டாக வந்தது. எல்லாக் கதையும் சொல்கிறார், டாக்டர் எரிச்சலாகப் போகிறார் என்று எனக்குப் பதற்றம். இடையில் அந்த டாக்டர் சிரித்ததுகூடக் கேட்டது. அப்பா என்னிடம் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

பிறகு டாக்டர் திரைக்கு வெளியே தலை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"தொடை இடுக்குல ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கு. அக்குள்லயும் இருக்கு. நாலு மாசமா இருக்குங்கிறாரு. தெனம் பாய் நனையுற மாதிரி வேர்க்குதுங்கிறாரு. உங்ககிட்ட சொன்னாராமே?"

கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் நின்றேன்.

அப்பா படுத்தபடியே சொன்னார். "புள்ள மேல தப்பு இல்லம்மா. நாந்தான் சரியா சொல்லல."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. என் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் அப்பா சொன்னதைக் குறித்து வைத்திருந்தார். கேஸ் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினாலும் இதை மட்டும் தமிழிலேயே, அப்பாவின் வார்த்தையிலேயே எழுதியிருந்தார். 'நெறி கட்டியிருக்கு. பாய் நனையுது. ஐஸ்ல நின்னாலும் வேர்க்குது. கொக்கி தூக்க முடியல.'

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தத்தில் உப்பு ஏறி, சிறுநீரகம் நிற்கிற நிலைக்கு வந்துவிட்டிருந்தது. வாழைத்தண்டுச் சாறு கொடுத்தேன் என்றதும், இந்த நிலையில் அது கூடவே கூடாது, அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியேறாமல் தங்கினால் இதயத்துக்கு ஆபத்து என்றார்கள். பெரிய ஸ்கேனில் வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி நெறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டியாக இருந்தன. அது இரண்டு பக்கத்துச் சிறுநீர்க் குழாயையும் வெளியிலிருந்து நெரித்துக்கொண்டிருந்தது. நான் நோட்டில் வரைந்த படத்தில் குழாய்க்கு வெளியே வெறும் வெள்ளைத்தாள்தான் இருந்தது.

"பெரும்பாலும் கல்லு, இல்லேன்னா வயசானவங்களுக்கு வர்ற சுரப்பி வீக்கம். இப்படி நெறியால அடைக்கிறது அபூர்வம்" என்றார் பெரிய டாக்டர். "ஆனா மொதல்ல வழி விடணும். இல்லேன்னா நோய் என்னன்னு தெரியறதுக்குள்ள கிட்னி போயிடும்."

வலது பக்கம் கீழிருந்து மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார்கள். இடது பக்கம் போகவில்லை. முதுகு வழியாகத் துளை போட்டு நேராகச் சிறுநீரகத்துக்குள் வைத்தார்கள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பை தொங்கின. நான் தரையில் உட்கார்ந்து அந்தப் பைகளையே பார்த்தேன். முதலில் ரத்தம் கலந்து ஒரு சொட்டு. பிறகு ஒன்றும் இல்லை. எழுந்து நடந்தேன், வந்து பார்த்தேன். நர்ஸ் வந்து, "நீங்க பாத்தா வேகமா வருமா? போய் எதாச்சும் சாப்புட்டு வாங்க" என்றார். போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சொட்டு கோடானது. சாயங்காலத்துக்குள் பையைக் காலி பண்ணிக் காலி பண்ணி என் கை ஓய்ந்தது. என் வாழ்க்கையில் எந்த மார்க் பட்டியலையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

தொடை நெறி ஒன்றை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வயிற்றுக்குள் போய்ச் சதை எடுக்கத் தேவையில்லாமல் போனது அந்த நெறியால்தான். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் காலையில் கடலூருக்கு வந்து வகுப்பெடுத்து, மாலையில் சிதம்பரம் போவேன். பஸ் எந்த ஊரில் நின்றாலும் இறங்கி ஓட வேண்டும் போல் இருக்கும். வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், எங்க வீட்டு ஆடு..." என்று ஆரம்பித்தான். நான் வழக்கமாக உட்கார் என்று சொல்லியிருப்பேன். அன்று சொல்ல வாய் வரவில்லை. அவன் ஆட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்தான். மற்ற பிள்ளைகள் என்னை வினோதமாகப் பார்த்தார்கள்.

முடிவு வந்தது. லிம்போமா. நெறிகளில் வருகிற புற்றுநோய். மருந்து ஏற்றினால் கரையக்கூடிய வகை என்றார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். அப்பாவிடம் யார் சொல்வது என்று அம்மாவும் மாமாவும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை நான் படம் எதுவும் வரையவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். மருந்து கொடுத்தால் கட்டி மெல்ல மெல்லக் கரையும், ஆனால் நாளாகும் என்றேன்.

அப்பா குழாய் இழுபடாமல் மெல்ல என் பக்கம் திரும்பினார். பிறகு, "கரையறதப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத பாப்பா" என்றார். "முப்பது வருஷமா அதத்தான் பாத்துகினு கீறேன்."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து முதல் தடவையாக அழுதேன். அப்பாவே என் கையைப் பிடித்துக்கொண்டு, மருந்து ஏற்றுகிற இடத்துக்கு எந்த பஸ் என்று கேட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கட்டி பாதியாகியிருந்தது. முதுகுக் குழாயை எடுத்தார்கள். சில மாதம் கழித்து மற்றதையும் எடுத்தார்கள். குழாய் எடுத்து வீடு திரும்பிய அன்று, அதே பஸ்ஸில் ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றதும் அப்பா இறங்கினார். திரும்பி ஏறும்போது, யாரும் கேட்காமலே, "வந்துது" என்றார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெட்கப்படவில்லை.

இப்போது 2012. அப்பா ஐஸ் உடைக்கப் போவதில்லை. அதே பேக்டரியில் படகுகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். எழுத்து படிக்க அவ்வளவாக வராது என்பதால் எண்களை மட்டும் என்னிடம் கற்றுக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறோம். இன்றுவரை சுத்தம் என்கிறார்கள். டாக்டர் அறைக்குள் அவர் தனியாகப் போகிறார். நான் வெளியே பைலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

அந்தத் தாள் இன்னும் பைலில் முதலாவதாகத்தான் இருக்கிறது, பின்பக்கம் மேலே தெரியும்படி. இப்போதும் அப்பா ஒரு விஷயத்தைச் சொல்ல வந்து, படகு வந்த கதையில் ஆரம்பித்தால், என் வலது கால் ஆடத் தொடங்கிவிடும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, காலை மற்றொரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை உட்கார்ந்திருப்பதுதான் நான் படித்த படிப்பிலேயே எனக்கு இன்னும் முழுதாக வராத பாடம்.